மணல் வழி

ஏ-ஒன்பதில் பஸ்கள் போட்டி போடும்,
ஹோண் சத்தத்துக்கே ஹாண்டில் நடுங்கும்.
அதனால் பாமசியைப் பூட்டியதும்
அரிசி ஆலைக்குப் பின்னால் திரும்புவேன்.
உமிப்புகை. இரண்டு நாய்,
ஒன்றுதான் துரத்தும்.
பிறகு வாய்க்கால் கட்டு.
மதகடியில் இறங்கி உருட்ட வேண்டும், செயின் கழலும்.

கனகராயன் ஆற்றுக்கு இதைவிட அமைதியான பாதை இல்லையென்று
நிதர்சினிக்குப் படம் கீறிக் கொடுத்தேன்.

போய்வந்தவள் கேட்டாள்:
"பத்தைக்குள்ள இவ்வளவு அகலமாய் ஆர் வெட்டினது?"

அடுத்தநாள் குனிந்து பார்த்தேன்.
என் ஒற்றைக் கோட்டுக்கு இருபுறமும்
டிப்பர் சில்லுகளின் ஆழத் தடம்.
ராவில் மணல் போகிற வழி.

ஆறு போன கிழமையைவிட
ஒரு முழம் கீழே கிடந்தது.
மருதமரத்தின் வேர் வெளியே.
சைக்கிளை அதில்தான் சாத்தினேன்.