ஆறரை

ஏழு இருக்கிறது. ஏழரை இருக்கிறது.
எட்டில் ஒரு பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது.
ஆறரை இல்லை.
போன மாதமும் இல்லை.
அலுமாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு
"கை வளரட்டும் மிஸ்" என்கிறார் பண்டார.

ஏழை மாட்டிக்கொள்கிறேன்
(தமிழில் சொன்னால் இரண்டு பொருள்,
இங்கே யாரிடம் சொல்ல).
விரல் முடிந்த பிறகும் உறை முடியவில்லை.
பத்து நுனியிலும் கொஞ்சம் காற்று.
முடிச்சுப் போட்டால்
நூலில் முதலில் அகப்படுவது அதுதான்.

மேசை ஆறடிக்காரர் உயரத்துக்கு நிற்கிறது.
இரும்புப் படியொன்றைக் காலால் இழுத்து ஏறுகிறேன்,
தேயும் சத்தத்துக்கு எல்லோரும் திரும்புகிறார்கள்.
"கோபுரம் வந்தாச்சு" என்கிறான் கவிஷ்க.
பகிடிதான். அவனுக்கு அப்பாவும் சேர்ஜன், மாமாவும்.
எட்டு வயதில் வாழைப்பழத் தோலில் தையல் பழகியவன்.
நல்லவன், நோட்ஸ் கேட்டால் தருவான்.
தள்ளினால் கதவு திறக்கும் என்று வளர்ந்தது
அவன் குற்றமில்லை.

ஸஹ்லா இடக்கைக்காரி.
சம்மாந்துறையில் அடித்துத் திருத்தியதில்
சோறு வலக்கைக்குப் போனது,
எழுத்து போகவில்லை.
இங்கே கத்தரிக்கோலும் வலக்கைக்காரன்.
அவள் பிடித்தால் நூல் அறுபடாமல் மடிந்துகொள்ளும்.
தலைக்குத் துணியா தொப்பியா என்று
முதல் நாள் கால்மணி நேரம் கதைத்தார்கள்.
எந்தக் கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சேர் கடுமையானவர் அல்ல. அதுதான் சிக்கல்.
தேநீரை ஊதியபடி அன்பாகத்தான் சொன்னார்:
"தோல் வைத்தியம் நல்லது பிள்ளை,
ராவில் எழுப்ப மாட்டார்கள்."
அதே கோப்பையோடு திரும்பி
கவிஷ்கவிடம் கேட்டார்:
லண்டனா, மெல்பர்னா?

அன்றிரவு விடுதி ஜன்னல் கம்பியில்
காலாவதியான நூலால் இருநூறு முடிச்சு.
கம்பிக்கு வெளியே கின்சி வீதி,
ஒரு ஆம்புலன்ஸ், அதற்கு வழிவிடாத ஒரு ஆட்டோ.
போனில் அம்மா,
"என்ன டொக்டரா வரப்போற?"
"டொக்டர்தாம்மா."
அதற்குமேல் வாய் வரவில்லை.
அவள் கையும் ஆறரைதான்,
விடுமுறையில் உள்ளங்கை சேர்த்து அளந்திருக்கிறேன்.
ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறிக்கும் கை.
சின்னக் கை என்று
தோட்டத்தில் யாரும் குறைத்ததில்லை,
தராசில் மட்டும்தான் குறைத்தார்கள்.

வியாழன். குடலிறக்கம்.
புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் சன்னாசி.
முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்
மேலே முழுதாய் விழித்திருந்தார்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:
"முடிஞ்சிருச்சா?"

ஸஹ்லா பக்கத்துத் தியேட்டரில்.
எட்டு முகமூடிகள் அசையவில்லை.
"இன்னும் கொஞ்ச நேரம்யா."
"யாரு, மிஸ்ஸியாம்மா?"
"இல்ல, படிக்கிறேன்."
"எதுக்கு?"

ரிட்ராக்டரை இழுத்துப் பிடித்து
மணிக்கட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.
ஐந்து வருடம் ஒருவரிடமும் சொல்லாததை
முகம் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன்:
"இதுக்குத்தான்யா. வெட்டித் தைக்கிறதுக்கு."

துணிக்கு அப்பால் சத்தமில்லை.
மொனிட்டர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.
பிறகு,
"அப்ப நல்லா எட்டிப் பாத்துக்கம்மா."

சேர் நிமிர்ந்தார்.
என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.
"நோவில்லையாம் சேர்" என்றேன்,
படியின் விளிம்புக்கு
இன்னும் அரை அடி நகர்ந்துகொண்டே.