ஆதாரம் என்ற கட்டம்

ஸிட்டாவ் நகராட்சி, பின்வாசல், அறை எண் நான்கு.
சாக்ஸனியின் இந்த மூலையில்
தொலைந்தவை எல்லாம் என்னிடம்தான் வரும்:
ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட்,
யாரும் தேடி வராத ஓர் ஊன்றுகோல்
(அதை விட்டுவிட்டு எப்படி நடந்து போனார்களோ).

மழை நாளில் ஓர்ட்வின் வந்தான்.
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.
தொலைத்தது என்ன?
நாடு, என்றான்.
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
நிறுத்திக்கொண்டேன்.

படிவம் கேட்பதைத்தானே நானும் கேட்க முடியும்.
கடைசியாகப் பார்த்தது எப்போது?
நூற்பாலை மூடிய வருடம், என்றான்.
அப்போது அவனுக்கு இரண்டு வயது.
உட்காராத பந்தியின் ருசி
நாக்கில் அப்படியே இருந்தது அவனுக்கு.
எங்களுக்கென்று எடுத்து வைத்ததை
எவனெவனோ தின்றுவிட்டான், என்றான்.
எடுத்து வைத்தது யார் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

நிறம்? என்றேன்.
ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை
ஒரு கணம் பார்த்தான்.

பிறகுதான் அந்தப் பச்சைக் குடை கண்ணில் பட்டது.
துணியில் ஆலையின் முத்திரை, பாதி அழிந்து.
அப்பாவின் ஆலை.
இது எங்களுடையது.
அவன் குரல் முதல்முறையாக இறங்கியது.
எனக்கும் என்னவோ செய்தது;
என் அம்மாவும் அங்கேதான் சாயத்தொட்டியில் நின்றாள்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
வாசலிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை பிக் தாவ் வந்தாள்.
எண்பத்தேழில் ஹனோயிலிருந்து வந்து
மூன்றாம் ஷிப்டில் கதிர் மாற்றியவள்.
ஓர்ட்வின் பிறக்கும் முன்பே
இந்த ஊர்ப் பனியில் வழுக்கி விழுந்தவள்.
பச்சைக் குடை, என்றாள்.
நாலாவது கம்பியில் சிவப்பு நூல், நான் தைத்தது.
ஆலையில் கடைசி நாள் கொடுத்தார்கள்,
பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக.

ரசீது இருக்கிறதா? என்று கேட்டேன்.
கேட்ட பிறகுதான்
எனக்கே அது கேட்டது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஓர்ட்வின் பெயருக்கு நேரே
ஆதாரம் என்ற கட்டத்தில்
என் கையெழுத்து, அவசரமே இல்லாமல், அழகாக:
நம்ம ஊர்க்காரர்.

பரவாயில்லை, படிவம் கொடுங்கள், என்றாள்.
நின்றபடியே எழுதினாள்.
வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது.
கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
தெருவில் இறங்கியவள்
பாதியில் திரும்பி வந்தாள்,
என் பேனாவைக் கொடுக்க.