கேத்தனூர் முகவரிக்கு ஒரு பாய்மரப் படகு

விண்ணப்பத்தில் நான்காம் கேள்வி:
கடல் அனுபவம் எத்தனை ஆண்டுகள்?
கேத்தனூரில் உட்கார்ந்துகொண்டு
சைபர் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
கன்னியாகுமரியில் கணுக்கால் நனைத்ததைச் சேர்க்கலாமா என்றேன்.
"அது டூருங்க்கா, அனுபவத்துல வராது" என்றாள்
படகில் கால்பங்குக்காரி கலாமணி.

முப்பத்தாறு அடி. இரண்டு பாய். மூன்று அறை.
கொச்சியிலிருந்து தெற்கே, கரையை ஒட்டியே, மூன்று இரவு.
வாடகையை நாலு வீட்டுக்குப் பிரித்தால்
வாய்க்கால் தண்ணீர் வராத வருஷம்
லாரித் தண்ணீருக்குக் கொடுத்த காசுதான்.
"அதையும் தண்ணிக்குத்தானே குடுத்தோம்"
என்று கணக்கை முடித்துவிட்டாள் கலாமணி.

நீச்சல் தெரியுமா?
தெரியும்.
எங்கே கற்றீர்கள் என்று கேட்கவில்லை.
அறுபதடிக் கிணற்றில், முதுகில்
காலி எண்ணெய் கேனைக் கட்டி
மாமன் தள்ளிவிட்ட மத்தியானத்தை
எழுத அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை.

கேப்டன் ஜோப்பன் போனில் கிடைத்தார்.
ஆடிப் பதினெட்டு லீவிலேயே போய்வந்துவிடலாம் என்றிருந்தோம்.
"கர்க்கடகத்தில் ஒரு போட்டும் இறங்காது சேச்சி.
காற்று அத்தனை மோசம். தை மாசம் வாங்க."
அவர் சொல்லி வாய் மூடவில்லை,
அந்த மோசமான காற்று
பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வந்து
எங்கள் தகரக் கூரையைத் தட்டி
கொடியில் கிடந்த லுங்கியை
ஈஸ்வரமூர்த்தி காட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே படகைக் கட்டிப்போடும் காற்றில்தான்
இங்கே எங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளம்.
எண்பது மீட்டர் ஏணி, இடுப்பில் கயிறு,
உச்சியில், காற்றாடியின் மூக்கு
காற்றைத் தேடித் திரும்பும் சத்தம்.
ஆடி மாசம் ராத்திரிகளில்
நான் சொல்வதை இரண்டு தரம் சொல்லவேண்டும்.

இரண்டு தரம் சொன்னேன்:
பாய்மரம் காற்றுக்கு எதிரே நேராகப் போகாதாம்.
கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம், கொஞ்சம் பீச்சாங்கைப் பக்கம்,
ஒடித்து ஒடித்துத்தான் ஏறுமாம்.
ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்:
"பட்டா மாத்தப் போனமே, அப்படியா?"
அப்படித்தான்.

படித்துவரச் சொல்லி அனுப்பிய முடிச்சுகளில் முதலாவது:
ஒரு கண்ணி, அதில் கீழிருந்து மேலே நுனி,
தாய்க்கயிற்றைச் சுற்றி மறுபடி கண்ணிக்குள்.
இறுகிப்போகாது, அவிழ்ந்தும் போகாது,
கப்பலையே பிடிக்கும் என்று போட்டிருந்தது.
"இத நானு தெனமும் போடறனே" என்றவர்
போட்டுக் காட்டுவதற்குள் தூங்கிவிட்டார்.
ஒன்பதரை மணிக்கு டார்ச்சோடு கட்டுத்தறிக்குப் போய்
எருமையை அந்த முடிச்சில் கட்டினேன்.

விடியக்காலம் முளைக்குச்சி மட்டும் நின்றது.
எருமை, கயிற்றோடு,
ஈஸ்வரமூர்த்தி வீட்டுச் சோளத்தட்டுக்குள்.
ஆளுயரத் தட்டு. எங்கே அசைந்தாலும் காற்று.
காற்றுக்கு எதிராகச் சாய்ந்த ஒரு தாளைப் பார்த்துத்தான்
கண்டுபிடித்தேன்.
அவர் சம்சாரம் வரப்பில் நின்று
நாலு வார்த்தை சொன்னாள்.
நாலும் நியாயம்.

முடிச்சை மட்டும் படமெடுத்து ஜோப்பனுக்கு அனுப்பினேன்.
எருமையைப் பற்றிச் சொல்லவில்லை.
கண்ணி சரி, சுற்று சரி, வால் போதாது,
ஒரு சாணாவது விடணும் சேச்சி, என்று வந்தது.

முன்பணம் அன்றைக்கே போட்டோம்.
படகுக்குப் பொறுப்பாளர் என்ற கோட்டில்
ஒரே ஒரு கையெழுத்துத்தான் வேண்டுமாம்.
நாலு வீட்டு ஆம்பிளைகளும்
ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க
பேனாவை வாங்கி
வே. தமயந்தி என்று முழுசாக எழுதினேன்.
நான்காம் கேள்வியில் சைபர் அப்படியே இருந்தது.

சாயங்காலம் மறுபடி கட்டினேன்,
வாலைச் சாணுக்கு மேலேயே விட்டு.
எருமை ஒரு தரம்
தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தது.
அப்புறம் அசைபோட ஆரம்பித்தது.