ஃபஹாஹீலில் ஒரு பீர்க்கு

பூக்கத் தொடங்கிப் பதினோரு நாள்,
அத்தனையும் ஆண்பூ.
பன்னிரண்டாம் அந்தியில்
ஒன்றின் அடியில் மட்டும்
தீக்குச்சி நீளப் பிஞ்சு.

ஏழாம் மாடிக்குத் தேனீ வராது.
பஞ்சுக்குச்சியால் மகரந்தம் தொட்டு வைத்தேன்.
லேபில் தொண்டைச்சளி எடுக்கிற
அதே கை;
இந்த வாய் குமட்டவில்லை.

கட்டடத்து ஹாரிஸ் சப்ரி வந்தார்.
பால்கனியில் தொட்டி கூடாது,
வெள்ளிக்குள் எடுத்துவிடு.
சொன்னவர் கொடியைத் தூக்கிப் பார்த்து
"லூஃபா?" என்று
முதுகு தேய்த்துக் காட்டினார்.
நான் மென்று காட்டினேன்.
இருவருக்கும் நம்ப முடியவில்லை.

இரண்டு வெள்ளி போய்விட்டன.
தொட்டியைப் பற்றிப் பேச்சில்லை.
லிஃப்டில் பார்த்தால்
"முற்றிவிட்டதா?" என்கிறார்.

காய் ஒரு முழம்.
நார் இன்னும் இறுகவில்லை,
துவையலுக்கு இன்றே கடைசி நாள்.
கத்தியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வாசலில் செருப்புச் சத்தம்.