பதினாறு கிலோ

வாடை மூன்று நாள் நின்று அடித்தது.
நாலாம் நாள் விடியலில்
முனைக்காட்டுக் கரையில் பார்த்தால்
முப்பத்தாறு மிதவையில் பதினொன்று இருந்தது.
இருந்தது என்றால்
மூங்கில் இருந்தது, கயிறு இருந்தது.
பாசி இல்லை.

பூமயில் மணலில் உட்கார்ந்து அழுதாள்.
நான் கல்நெஞ்சுக்காரி, அழவில்லை என்று
பிறகு ஊரில் சொன்னார்களாம்.
எண்ணி முடிக்கும் வரை தள்ளி வைத்திருந்தேன்,
அவ்வளவுதான்.
முழுக்கழி ஐம்பத்தெட்டு.
முறிந்தும் பயன்படுவது இருபது.
நங்கூரக் கல் ஒன்றும் போகவில்லை,
கல்லுக்கு எங்கே போகத் தெரியும்.
எழுதி முடித்து, நோட்டைக் கரையில் வைத்துவிட்டு
இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றேன்.
உப்போடு உப்பு.
அந்தக் கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

போன ஆனியில் எங்கள் குழுவுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள்.
“எல்லாம் நன்மைக்கே என்று நினையுங்கள்” என்றார்
கால்சட்டை நனையாத ஒருவர்.
சமோசா நன்றாக இருந்தது.
ஓரா மீன் கூட்டமாக வந்து
பாசியை மொட்டையாக மேய்ந்த வருஷம் நினைவுக்கு வந்தது.
ஓராவுக்கு நன்மைதான்.

என்னிடம் மிச்சம் இருபது கிலோ விதைப்பாசி.
அதுவும் என்னிடம் இல்லை.
ஐப்பசி பிறக்கும் முன்பே
பாசிப்பட்டினத்தில் சபுராவின் மிதவையில் கட்டியது.
பதிலுக்கு அவளுடைய இரண்டு கயிறு
என் மிதவையில்.
அந்த இரண்டும் போயிற்று.
அதைச் சொல்லத்தான் முதலில் போன் அடித்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
பிறகு,
“உன்னது இருக்கு.
நாளைக்கு வர்றியா, நாளன்னிக்கா?”

பதினாறுதான் எடுத்து வந்தேன்.
நாலு கிலோ அங்கேயே கிடக்கட்டும் என்றபோது
சபுரா கோபப்பட்டாள்,
கணக்குத் தீர்க்கிறாயா என்று.
தீர்க்கவில்லை, அடுத்த வாடைக்கு என்றேன்.
அடுத்த வாடையா, இதுவே இன்னும் போகவில்லை என்று
சிரித்துவிட்டாள்.

தொண்டி தாண்டியதும் சாக்கு ஒழுக ஆரம்பித்தது.
“என்னம்மா இது, நாறுது?”
“உயிருண்ணே, காஞ்சா செத்துப்போகும்.”
“உயிருக்கும் லக்கேஜ் உண்டு” என்று
கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.
தேவிபட்டினத்தில் ஒருமுறை,
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை,
பாட்டிலில் கொண்டுவந்த கடல்தண்ணீரை
சாக்கின் மேல் தெளித்தேன்.
பக்கத்து சீட்டுக் குழந்தை
உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டது.
இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது அதற்கு.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
எல்லாம் சரியாகப் போனால்
நாற்பத்தைந்து நாளில் மூன்று மடங்கு.
எல்லாம் சரியாகப் போகாது.
அதனால் இரண்டு மடங்கு என்று எழுதினேன்.
தை பிறக்கும்போது முப்பத்திரண்டு.
மாசி பாதியில் அறுபத்துநாலு,
ஒரு மிதவை முழுசாக.
முப்பத்தாறில் ஒன்று.
அதற்குள் குழுக் கடனில் மூன்று தவணை வரும்.
அதையும் எழுதினேன், அதே பேனாவில்.
தவணைக்கு நண்டுக் கம்பெனி இருக்கிறது,
விரல் வெடிக்க வெடிக்க ஓடு உடைக்கலாம்.
அவர் கொல்லத்துப் படகிலிருந்து அனுப்பினால்
அது தனி வரவு. அதை எழுதவில்லை.

மறுநாள் கூப்பிடாமலே பூமயில் வந்தாள்.
முகம் வீங்கியிருந்தது.
கயிற்றைப் பிரித்துக் கொடுத்தேன்.
விதையை ஒவ்வொரு பிடியாகக் கட்டினோம்.
பேச்சில்லை.
முறிந்த கழியோடு நல்ல கழியை ஒட்டிக் கட்டியதில்
மிதவை கோணலாக வந்தது.
தள்ளிவிட்டோம்.
ஒரு மூலை தாழ்ந்து, மற்ற இடமெல்லாம் காலியாக,
நீவாட்டில் அரைவட்டம் திரும்பி
நங்கூரக் கயிறு இழுக்க நின்றது.

பூமயில் முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:
“பொங்கலுக்கு அறுக்க ஆள் வேணுமா?”

“ரெண்டு பேர் போதும்” என்றேன்.
“சோறு உன் வீட்டுல.”