துளை

ஈரோட்டில் இருட்டோடு கிளம்பினோம்.
ஜீப்பின் பின்புறம் கோர் எடுக்கும் எந்திரம்,
அதற்கு முட்டுக்கொடுத்தபடி நான்.
வரட்டுப்பள்ளத்தில் டீ வாங்கிக் கொடுத்த
செங்கோட்டுவேல் சார்,
"ஒரே ரோடுதானப்பா,
மத்தியானச் சோத்துக்குக் கீழ எறங்கிரலாம்" என்றார்.

பர்கூர் மலையில் ஒசப்போட்டுக்கு
ரோடு போட்டாயிற்று என்கிறது அளவுப் புத்தகம்.
நீளம் இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர்,
கான்கிரீட் கனம் பதினைந்து சென்டி.
பச்சை மையில் மூன்று கையெழுத்து,
மூன்றும் ஒரே தேதியில்.
அந்தத் தேதி எனக்கு ஞாபகமிருக்கிறது.
அன்றைக்குப் பேய்மழை.
பரிசோதனைக் கூடத்தில் ஒழுகி
நான்தான் வாளி வைத்தேன்.
மலைக்கு ஒருவரும் போகவில்லை.

எந்திரம் தண்ணீர் குடிக்கும்,
ஒரு துளைக்கு மூன்று குடம்.
ஊர் முகப்பில் குழாய்கள் வரிசையாக நின்றன,
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு எண்.
ஒன்றைத் திருகினேன்.
பல்லிக்குஞ்சு எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போய்விட்டது.
"அதுல வராதுங்கோ" என்று
கேத்தம்மா ஓடைக்கு இறங்கினாள்,
பின்னால் இரண்டு பெண்கள்.
போய்வர முக்கால் மணி நேரம்.
அவர்கள் குடிக்கிற தண்ணீரை ஊற்றித்தான்
அவர்கள் ரோட்டை அறுத்தேன்.

முதல் உருளை ஒன்பதரை.
இரண்டாவது எட்டு.
மூன்றாவது கையில் எடுக்கும்போதே உதிர்ந்தது,
நடுவில் முழுசாக ஒரு புகையிலைப் பொட்டலம்.

சார் ஒன்றும் பேசவில்லை.
படம் எடுத்து அங்கேயே ஏற்ற வேண்டும், விதி.
போன் கிணுங்கியது:
கர்நாடகம் உங்களை வரவேற்கிறது.
படத்தைத் திருப்பி அனுப்பியது செயலி,
பணியிடம் மாவட்ட எல்லைக்கு வெளியே.
தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்து
சார் கிழக்கே நடந்தார்,
ரோட்டை விட்டு இறங்கி,
உண்ணிச்செடிக்குள் இடுப்பளவு புகுந்து,
தமிழ்நாடு கிடைக்கும்வரை.
அங்கே எடுத்த படத்தை ஏற்றுக்கொண்டது.
அதில் உண்ணிப்பூ இருந்தது. ரோடு இல்லை.
"ரேசன் மிசினும் இப்படித்தாஞ் சொல்லுதுங்கோ,
நாங்க இந்தப் பக்கமே இல்லீன்னு"
கேத்தம்மா சிரித்தாள்.

கிளம்பும்போது ஜீப்பை மறித்தாள்.
"இந்த ஓட்டைய யாருங்க அடைக்கறது?"
நாங்கள்தான் அடைக்க வேண்டும்.
கலவை மூட்டைக்குப் பட்டியலில் தொகை உண்டு,
ஜீப்பில் மூட்டை இல்லை.
"கான்ட்ராக்டர் ஆளு வருவாங்க" என்றார் சார்
ஸ்டியரிங்கைப் பார்த்து.

அந்த ஒன்பதரை சென்டி
ஏழு மாதம் சாரின் மேஜையில் இருந்தது.
விளக்கம் கேட்ட கடிதம்,
கிடைத்த விளக்கம்,
விளக்கத்தின் மேல் விளக்கம்,
எல்லாம் காற்றாடிக்குப் பறக்காமல்
அதுதான் அழுத்திப் பிடித்திருந்தது.
சாருக்கு ராமநாதபுரம் மாறுதல் வந்தது.
மறு ஆய்வு என்று ஒரு தாளும் வந்தது.

புது சாரோடு மறுபடி ஏறினேன்.
இரண்டு துளைகள் பூசப்பட்டிருந்தன,
சுற்றிலும் புதுச் சிமெண்டின் வெளுப்பு.
கேத்தம்மா வீட்டெதிரே இருந்த முதல் துளையின் மேல்
ஒரு அலுமினியத் தட்டு,
தட்டின் மேல் அம்மிக்கல்.
வண்டித் தடம் அதைச் சுற்றிக்கொண்டு போனது.
கல்லை அவளே உருட்டினாள்.
உள்ளே ஒரு சருகு இல்லை,
கூட்டித் துடைத்த மாதிரி இருந்தது.

"மேஸ்திரி ரெண்டு வாட்டி கலவையோட வந்தானுங்க.
இத மட்டும் உடல.
அடைச்சுட்டா அப்பறம்
எதக் காட்டி அளக்கச் சொல்றது?"

எந்திரத்தை நான் இறக்கவில்லை.
யாரும் ஓடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.
பள்ளிக்கூடத்து மர ஸ்கேல் ஒன்றை
முந்தானையில் துடைத்து நீட்டினாள்.
"நீங்களும் ஒருக்கா பாத்துக்கோங்க.
ஒன்பதரதான்.
வளரலீங்க."

மண்டி போட்டு அளந்தேன்.
புது சாரின் சட்டைப் பைக்குள்
போன் கிணுங்கியது.