மூன்றாம் பருவம், தாள் நான்கு

மார்ச் வெயில்
இரண்டாம் மாடி ஆங்கிலத் துறைக்குள்
யார் அனுமதியும் கேட்காமல் வந்து
ஹெக்டே சாரின் மேசையில் உட்கார்ந்திருந்தது.
கூட்டத்துக்கு ஐந்து பேர்,
என்னைச் சேர்க்காமல்.
கௌரவ விரிவுரையாளருக்கு வாக்கு இல்லை,
தட்டச்சு உண்டு.

ஆங்கிலத் துறைக்குள்ளேயே தொடர்பியல் பட்டம்
ஜூனில் தொடங்கியாக வேண்டும் என்கிறது
முதல்வரின் சுற்றறிக்கை.
புது அறை கிடையாது. புது ஆள் கிடையாது.
ஒரு கேமரா வரும், என்றாவது.

பருவத்துக்கு இருபத்திரண்டு கிரெடிட்.
அதற்குள் செய்தி, விளம்பரம், பாட்காஸ்ட்,
கட்டாயச் சுற்றுச்சூழல்.
மீதி இடத்தில் இலக்கியம்
மூவர் இருக்கையில் நாலாவது ஆளாய்
ஒரு தொடையை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

"பதினேழாம் நூற்றாண்டுக் கவிதையைத் தொட்டால்
எழுந்து போய்விடுவேன்"
என்றார் ஹெக்டே.
யாரும் தொடவில்லை.
அவரும் எழவில்லை.
ஜிஜோ பாட்காஸ்டுக்கு நாலு கேட்டான்,
மூன்றுக்கு இறங்கினான்,
மறுபடி நாலுக்கு ஏறினான்.
ஃபிலோமினா மேடம் சிவப்புப் பேனாவால்
காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு நாலு போட்டால்
எங்கோ ஒரு கட்டம் இளைக்கிறது.
சொன்னதைச் சொன்ன கட்டத்தில் போட்டேன்.

அம்மாவிடம் போன வாரம் சொன்னேன்,
எங்கள் கல்லூரியில் தொடர்பியல் வருகிறதென்று.
"தொடர்பா? யாருக்கும் யாருக்கும்?"
மர்ஃபி டவுன் மூன்றாம் குறுக்குத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.
தமிழில் அந்தச் சொல்
கொஞ்சம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும்.

நாலரைக்கு ஒரு சந்து கிடைத்தது.
தாள் 3.4 எதற்கென்று விட்டுவைத்தோம்,
யாருக்கும் நினைவில்லை.
"காதுகொடுத்தல் என்று ஒன்று வைக்கலாமா மேடம்"
என்றேன்.
எதிராளி முடிக்கும்வரை
பதிலைத் தயார் செய்யாமலிருக்கும் பயிற்சி.
சிட்டி மார்க்கெட் பூக்காரி
தெலுங்கில் விலை சொல்கிறாள்,
தமிழில் திட்டுகிறாள்,
கன்னடத்தில் சில்லறை கொடுக்கிறாள்.
பிள்ளைகள் போய் நின்று கேட்டுவிட்டு வரட்டும்.

"நல்ல யோசனை" என்றார்கள்.
அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு
எதுவும் நல்லதாய் நடந்ததில்லை.
தேர்வு எப்படி வைப்பது,
காதுக்கு எத்தனை மதிப்பெண்,
வெளித் தேர்வாளர் எதைத் திருத்துவார்?
இரண்டு கிரெடிட் என்றார்கள்.
பிறகு ஒன்று.
பிறகு, ஜிஜோவின் தாளில் அலகு ஐந்து.
எந்தப் பருவமும்
போய்ச் சேர்ந்திராத அலகு ஐந்து.

அப்போதுதான் வலது ஓரத்துக் கூட்டலைப் பார்த்தேன்.
வாரம் பதினாறாயிருந்த என் மணிநேரம்
ஒன்பதாகியிருந்தது.
யாரும் குறைக்கவில்லை.
என் விரல்தான், கட்டம் கட்டமாய்.
ஏழு மணிநேரம் என்பது
எங்கள் வீட்டில் ஏறக்குறைய வாடகை.

சொல்லவில்லை.
தட்டில் கடைசி பிஸ்கட் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.
ஐந்து கையெழுத்து,
ஹெக்டே சாருடையது பச்சை மையில்.

மெட்ரோவில் கம்பியைப் பிடித்து நின்றபடி
முதல் பக்கத்தைப் பார்க்கிறேன்.
கம்யூனிகேஷனில் ஒரு எம் இல்லை.
கொட்டை எழுத்தில், பட்டத்தின் பெயரிலேயே.
ஐந்து முனைவர்கள் அதன் வழியாகத்தான்
போய்க் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

மேடத்தை அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று
கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள்,
அவசரமில்லாமல்.
முழுக்கக் கேட்டேன்.
அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்,
அதையும் கேட்டேன்.

காலை பத்துக்குக் கோப்பு பல்கலைக்கழகம் போகிறது.
எம் போட ஒரு நிமிடம்.
அச்செடுக்க ஐந்து.
ஐந்து பேரைத் தேடிப் பிடிக்க
அரை நாள்.
அது அந்த ஒன்பதில் சேருமா சேராதா
என்று கணக்குப் போட்டதில்
அல்சூர் போய்விட்டது.
இந்திரா நகரில் கதவு திறந்தது.
கூட்டத்தோடு நானும்.